ஆதிக்கு ஒரு மார்க்கு

ஐயரு இப்பத்தான் ரெண்டாவது குறிப்புக்கே வாராரு. எங்க பக்கம் பாதிரியார ஐயருன்னுதான் கூப்பிடுவோம், வெளியூர்க்காரன் கேட்டா முழிப்பான், முழிக்கட்டும். எந்தப் பிரசங்கம்னாலும் மூணு குறிப்பு. மூணுக்கு மேல போனா சனம் கடியாரத்தப் பாக்கும், ரெண்டோட நிறுத்துனா ஐயரு படிச்சிட்டு வரலம்பாவ. மூணாவது முடிஞ்சா ஒரு பாட்டு, பாட்டு முடிஞ்சா அறிவிப்பு, அறிவிப்போட கடைசில எங்க அக்கா எப்சிபா பொம்பளைக பக்கத்துலேருந்து எந்திச்சு முன்னால போயி நின்னு, சபைச் செயலர் பொன்னுத்துரை அண்ணாச்சி டைப் அடிச்சுக் குடுத்த கடுதாசியப் படிக்கணும். நாலே வரி. ஓய்வுநாள் பள்ளிப் புள்ளைகளுக்குப் பூமியோட வயசு நானூத்தம்பது கோடி வருஷம்னு பிழையா போதிச்சதுக்கு வருந்துதேன், சபையார் மன்னிச்சுக்கிடணும், கமிட்டி முடிவுக்குக் கட்டுப்படுதேன். கமிட்டி முடிவு என்னன்னா, இன்னையோட அவளுக்கு வகுப்பு கெடையாது. பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமைதோறும் நடத்துன வகுப்பு. எங்க ஊரு தயாபுரத்துல பத்து வயசுக்கு மேல இருக்க எந்தப் புள்ளையப் புடிச்சுக் குலுக்குனாலும் அவ சொல்லிக் குடுத்த வசனம்தான் உதிரும். இதுல ஒரே ஒரு விஷயம் கமிட்டில யாருக்கும் தெரியாது. அதப் போதிச்சது அவ இல்ல, நானு. நான் எங்க இருக்கேன்னா, ஆம்பளைக பக்கம், கடைசிக்கு முந்துன பெஞ்சு, தூணுக்குப் பின்னாடி. ஐயரு கண்ணுக்குத் தெரியாம இருக்க இந்தக் கோயில்ல இதவிட நல்ல எடம் கெடையாது, நாலு வயசுலேருந்து ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. பேரு ஆசீர். ஆசீர்வாதத்துல பாதி, மீதிய காலேஜ்ல விட்டுட்டு வந்துட்டேன். புவியியல் இல்ல, புவியமைப்பியல், ஜியாலஜி, கல்லப் பத்திப் படிக்கது. ரெண்டாம் வருஷம் பாதில, அஞ்சு அரியரோட, பெட்டியத் தூக்கிட்டு வந்து இறங்குனேன். ‘கல்லப் படிக்கப் போயி கல்லு மாதிரியே திரும்பி வந்துட்டான் பாரு’ன்னு ஊரு பேசுமுன்னே நானே அதச் சொல்லிச் சிரிச்சிட்டேன். மொதல்ல நாமளே சிரிச்சுட்டா மத்தவன் சிரிப்புக்கு ருசி இருக்காது. செருப்ப வாசல்லயே போட்டுட்டு வந்ததால தரை பாதத்துல குளுகுளுன்னு இருக்கு. கடப்பாக் கல்லு. கருப்பா, மழமழன்னு. இது கடலுக்கு அடில சேறா படிஞ்சு இறுகுனது. கொறஞ்சது அம்பது அறுபது கோடி வருஷம், அதுக்கு மேலயும் இருக்கும், படிச்சவனுகளுக்குள்ளயே சண்டை. அந்தச் சேறு படியும்போது மீன் கெடையாது, மரம் கெடையாது, கமிட்டி கெடையாது. பூமி அம்புட்டு பழசு இல்லன்னு இன்னைக்கு ஒத்துக்கிடப் போற இருநூத்திச் சொச்சம் பேரும் அது மேலதான் குளுந்த காலோட உக்காந்திருக்கோம்.

‘ரெண்டாவதாக, பொறுமை’ங்காரு ஐயரு. எனக்கா சொல்லுதீரு, ஐயரே. பொறுமை இருந்திருந்தா நான் இன்னைக்கு ஃபைனல் இயரு. ஒரு எடத்துல பத்து நிமிஷம் உக்காரச் சொன்னா எனக்கு எறும்பு ஏறுன மாதிரி இருக்கும், இப்பவும் இருக்கு, முட்டி தானா ஆடுது, பக்கத்துல இருக்க பெரியவரு ஒரு பார்வை பாக்காரு. ஜூலை மாசம் அக்காவுக்குக் காய்ச்சல். எந்திக்க முடியல. ‘லே ஆசீரு, இன்னைக்கு ஒரு நாளு வகுப்ப நீ பாத்துக்கிடு, ஆதியாகமம் மொத அதிகாரம், படைப்பு, ஆறு நாளு, படம் வரஞ்ச அட்டை பையில இருக்கு, அதக் காட்டு, வசனத்தச் சொல்ல வையி, மிட்டாய் குடு, அனுப்பிரு’ன்னா. லேசான வேலைதான். அட்டையக் காட்டுனேன். மொத நாளு வெளிச்சம். ரெண்டாம் நாளு வானம். ஷைனின்னு ஒரு புள்ள, எட்டு வயசு, முன்பல்லு ரெண்டும் கெடையாது, கையத் தூக்குச்சு. ‘அண்ணே, சூரியனே நாலாம் நாளுதான வருது, அப்ப மொத மூணு நாளும் நாளுன்னு எப்படித் தெரியும்?’ நான் அட்டையப் பாத்தேன். அட்டைல பதில் இல்ல. அந்த எடத்துல வேற எவனா இருந்தாலும் ‘உக்காருட்டி’ன்னுருப்பான். எனக்கு வாயி சும்மா இருக்காது. பையில எப்பவும் கெடக்க அந்தக் கல்ல எடுத்தேன். நத்தை மாதிரி சுருண்டு, வரிவரியா முதுகு, உள்ளங்கையில அடங்குத அளவு. அமோனைட்டும்பாவ. கடல் பிராணி, செத்துக் கல்லாப் போனது. ‘இதுக்கு வயசு பத்து கோடி’ன்னேன். பதினாலு புள்ளைகளும் மூச்ச அடக்கிட்டுக. ஒவ்வொரு கையா போச்சு. ஒருத்தன் மோந்து பாத்தான், ஒருத்தி கன்னத்துல வச்சுக்கிட்டா. ‘அப்ப பூமிக்கு?’ன்னு ஷைனி. ‘நானூத்தம்பது கோடி. அந்த நாளுல்லாம் நம்ம காலண்டர் நாளு இல்லட்டி, சாமியோட நாளு’. அம்புட்டுதான் என் போதனை. என் வாழ்க்கையில நான் சொன்னத அவ்வளவு கவனமா யாரும் கேட்டதே கெடையாது. காலேஜ்ல ஒன்றரை வருஷம் எனக்கு மண்டையில ஏறாதது இதுகளுக்கு அரைமணி நேரத்துல ஏறிட்டு. எவ்வளவு நல்லா ஏறிச்சுன்னு செப்டம்பர்ல தெரிஞ்சுது.

செப்டம்பர்லதான் வேதத் தேர்வு. சுத்துவட்டாரத்துல பன்னெண்டு கோயில் புள்ளைக சேந்து எழுதும், கூட்டுன மார்க்கு எந்தக் கோயிலுக்கு அதிகமோ அதுக்குச் சுழற்கேடயம். ஏழு வருஷமா சுழலவே இல்ல அது, எங்க கோயில் அலமாரியிலயே நின்னு தூசி புடிச்சுது. மொத கேள்வி: தேவன் வானத்தையும் பூமியையும் எப்போது படைத்தார்? ஒரு மார்க்கு. எழுத வேண்டிய பதில், ஆதியிலே. ஒத்த வார்த்தை. மூணு வயசுப் புள்ள சொல்லும். எங்க பதினாலு புள்ளைகளும், ஒண்ணு விடாம, சுமார் நானூத்தம்பது கோடி வருஷத்துக்கு முன்னாடின்னு எழுதி வச்சிருக்குக. ஷைனி மட்டும் அடைப்புக்குறிக்குள்ள ‘சாமியோட நாள் கணக்குப்படி’ன்னு சேத்திருக்கா. பதினாலு மார்க்கு போச்சு. பதினோரு மார்க்குல ஒளிவிளைக்காரன் கேடயத்தத் தூக்கிட்டுப் போயிட்டான். தூக்கிட்டுப் போறவன் சும்மா போனானா, எங்க ஊரு வழியா மினி பஸ்ஸுல அத சன்னல் வழியா நீட்டிக் காட்டிக்கிட்டே போனான். பொன்னுத்துரை அண்ணாச்சிக்கு அன்னைக்குப் பிரஷர் மாத்திரை ரெண்டு. ‘யாரு சொல்லிக் குடுத்தது?’ன்னு கமிட்டி கேட்டுச்சு, புள்ளைகளக் கூப்பிட்டு யாரும் கேக்கல. அக்கா எந்திச்சு ‘என் வகுப்பு. நான்தான் பொறுப்பு’ன்னா. பொய் சொல்லல பாருங்க. அவ பொய் சொல்ல மாட்டா. ‘நான் சொன்னேன்’ங்கல, ‘நான் பொறுப்பு’ன்னா. ரெண்டுக்கும் நடுவுல இருக்க இடுக்குல என்ன ஒளிச்சு வச்சிட்டா. அந்த இடுக்குலதான் இப்ப நான் குத்த வச்சிருக்கேன், தூணுங்கது சும்மா பேருக்கு.

சித்தப்பா ஞாபகம் வருது. அவரும் இடுக்குக்காரர்தான். பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவரு. ஆதியாகமத்துல மொத வரிக்கும் ரெண்டாவது வரிக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்குன்னு சொல்லுவாரு, அதுக்குள்ள ஒரு பழைய உலகம் இருந்து அழிஞ்சு போச்சாம், டைனோசரெல்லாம் அதுல. ரெண்டு வரிக்கு நடுவுல ஒரு உலகத்தையே வச்சிட்டாரு மனுஷன். பொன்னுத்துரை அண்ணாச்சி வேற கட்சி. அவரு தோட்டத்துல கெணறு வெட்டும்போது செம்மண்ணுக்கு அடில, முப்பதடி ஆழத்துல கடல் சிப்பி கெடச்சுது. நோவா காலத்து வெள்ளத்துல அடிச்சிட்டு வந்ததுன்னு கண்ணாடிக் கிண்ணத்துல போட்டு வரவேற்பறையில வச்சிருக்காரு. வாரவன் போறவனுக்கெல்லாம் காட்டுவாரு, காட்டும்போது அந்த முசுட்டு மூஞ்சி ஒரு நிமிஷம் ஷைனி மூஞ்சி மாதிரி ஆயிரும், நானே பாத்திருக்கேன். ஹாஸ்டல் ஜெபக்குழு ஜோயலு இன்னொரு தினுசு. ஆதாம வளந்த ஆம்பளையா படைச்சாருல்ல, அதே மாதிரி பூமியையும் வயசானதாவே படைச்சாருன்னான். ‘அப்ப ஆதாமுக்குத் தொப்புள் உண்டுமால?’ன்னு கேட்டேன். மூணு நாளு எனக்காக உபவாசம் இருந்தான் பாவம், நான் அவன் பங்கு சப்பாத்தியத் தின்னேன். அரியலூர்க்காரி அடைக்கலமேரி, கத்தோலிக்கப் புள்ள, என் செட்டு. அவ ஊர் ஃபாதர்ட்ட இதக் கேட்டாளாம். ‘எப்ப படைச்சாருங்கது ஒனக்குப் பரீட்சைக்கு வரும், யாரு படைச்சாருங்கது எனக்கு வரும், அவங்கவங்க பாடத்தப் படிப்போம் தாயி’ன்னாராம். எங்க ஐயரு இருக்காரே, அவரு நாளுன்னா யுகம்பாரு, ஆனா ரொம்ப மெதுவாச் சொல்லுவாரு, கமிட்டி காதுல விழாத அளவுக்கு. நான் எல்லாத்தையும் கிண்டல் பண்ணிருக்கேன். ஆனா இப்ப இந்தக் கல்லு மேல காலு குளுந்துபோயி உக்காந்து யோசிக்கேன், ஒருத்தனுக்குக்கூட அந்த ஒத்த வார்த்தையச் சும்மா விட்டுட்டுப் போக மனசு வரலியே. ஆதியிலே. ஒவ்வொருத்தனும் அத எடுத்துக் காதுல வச்சுப் பாக்கான், தட்டிப் பாக்கான், தொறக்கப் பாக்கான். நாய் தேங்காய உருட்டுதாப்லன்னு சொல்ல வாயி வருது, சொல்ல மாட்டேன், ஏன்னா அந்தக் கூட்டத்துல எங்கப்பாவும் உண்டு.

அப்பா மொத பெஞ்சு. இங்கேருந்து பிடரி மட்டும் தெரியுது, நறுக்குன வெள்ள முடி, காலருக்குள்ள ஒரு மடிப்பு. பேரு தேவபிச்சை, மின்வாரியத்துல மீட்டர் கணக்கெடுத்து ரிட்டயர் ஆனவரு. அவருகிட்ட ஒரு பழைய இங்கிலீஷ் வேதாகமம் உண்டு, பக்கத்து ஓரத்துல பொடி எழுத்துல வருஷம் போட்டிருக்கும். மொத பக்கத்துல கிமு நாலாயிரத்து நாலு. எந்தக் காலத்துலயோ அயர்லாந்துல ஒரு பிஷப்பு கூட்டிக் கணக்குப் போட்டதாம். அப்பாவுக்கு அது போதாது. சும்மா அச்சடிச்சிருந்தா நம்பிருவாரா, மீட்டர்க்காரரு, தானே ரீடிங் எடுக்கணும். பழைய காலண்டர்த் தாள் பின்பக்கமா ஒட்டி ஒட்டி, ஆதாம்லேருந்து ஆரம்பிச்சாரு. யாரு யாரப் பெத்தான், பெக்கும்போது அவனுக்கு வயசென்ன, எல்லாம் ஸ்கேல் வச்சு கோடு. வீட்டுச் செவுரு பூராவும் அந்தத் தாளு ஓடும், அடுக்களைல ஆபிரகாம், குளிக்கப் போற வழில தாவீது. நான் சின்னப் புள்ளைல அதுல என் பேர ஆகக் கடைசில பென்சில்ல எழுதி வச்சேன், அப்பா அழிக்கவே இல்ல. உலகத்துல எத்தனை பேரு ஆரம்பத்துலேருந்து தன் வீட்டுப் புள்ள வரைக்கும் ஒத்தக் கோடு இழுத்திருப்பான்? ஆறாயிரம் வருஷம் தப்புன்னே வச்சுக்கிடுங்க. அந்தக் கோடு தப்பா? அப்பா என்கூடப் பேசி ஒம்பது மாசமாச்சு. காலேஜ விட்டதுக்கு. கத்துனாரா, இல்ல. நிறுத்திட்டாரு, ஃபியூஸப் புடுங்கின மாதிரி. கமிட்டில அவரும் ஒரு ஆளு. அக்கா வகுப்ப எடுக்கணும்னு அன்னைக்கு முடிவு பண்ணும்போதும் அப்படித்தான் உக்காந்திருந்தாராம், கையெழுத்துப் போடல, வேண்டாம்னும் சொல்லல.

ஏன் காலேஜ விட்டேன்னு கேட்டா நான் நாற்பது விதமா சொல்லுவேன், மெஸ் சாம்பாருலேருந்து ஆரம்பிச்சு. நெசம் ஒண்ணுதான், அது ஒருத்தரத் தவிர யாருக்கும் தெரியாது. காலேஜ்லேருந்து காரைக்குக் கூட்டிட்டுப் போனாவ, அரியலூர் பக்கம். பொட்டல். வரிவரியா அறுத்துக்கிட்டு ஓடுன மண்ணு, ஒரு புல்லு இல்ல. குனிஞ்சா சிப்பி. எல்லாரும் நோட்டுல எழுதுதாவ, அடைக்கலமேரி இந்த அமோனைட்ட எடுத்து ‘இந்தாடா, ஒனக்கு’ன்னு கையில வச்சா. வச்சதும் எனக்குள்ள கணக்கு ஓடுச்சு. பத்து கோடி. அதுல நம்ம எங்க இருக்கோம். தயாபுரம் எங்க இருக்கு. ராத்திரி அம்மா தலையில கைய வச்சு ஜெபம் பண்ணுனாளே, அம்மா செத்து ஆறு வருஷம், இந்த மண்ணுக்கு ஆறு வருஷம்னா என்ன, ஒரு தும்மலா? இம்புட்டுப் பெருசுல என்ன ஒருத்தருக்குத் தெரியுமா? அன்னைக்கு பஸ்ஸுல வரும்போது எல்லாரையும் சிரிக்க வச்சேன், வயித்தப் புடிச்சிட்டுச் சிரிச்சாவ. அடுத்த மாசம் பெட்டியக் கட்டுனேன். இத நான் ஒரே ஒரு ஆளுட்டதான் சொன்னேன், ஜூலைல, காய்ச்சல் கொறஞ்சு அக்கா கட்டில்ல சாஞ்சு கஞ்சி குடிக்கும்போது. வகுப்புல என்ன சொன்னேன்னும் சொன்னேன். திட்டுவான்னு பாத்தேன். ‘அந்தக் கல்ல எனக்கும் காட்டு’ன்னா. காய்ச்சல் கையி, கல்லு அவளுக்குச் சில்லுனு இருந்திருக்கும், விடவே இல்ல. கல்லப் புரட்டிப் புரட்டிப் பாத்துட்டு, ‘சாமிக்கு எவ்வளவு பொறும பாரு ஆசீரு. மனுஷனக் கொண்டு வாரதுக்கு முன்னாடி இம்புட்டு நாளா ஒண்ணொண்ணா செஞ்சிட்டே இருந்திருக்காரு. அவசரமே இல்ல. நான் ஒரு திருச்செந்தூர் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் நிக்க முடியாம முணுமுணுக்கேன். அவ்வளவு பொறுமையுள்ளவரு ஒன்ன மறந்திருவாருன்னா நெனைக்க?’ன்னா. ஒரு வாய் கஞ்சி குடிச்சா. நான் என்ன சொன்னேன்? ‘அப்ப அஞ்சு அரியருக்கும் டைம் இருக்கு’ன்னேன். சிரிச்சா. அது சிரிக்க எடமா? அழுதிரக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன். தபால் ஆபீஸ்ல நாளெல்லாம் முத்திரை குத்துதவ, வேத சாஸ்திரம் படிக்கல, ஜியாலஜி படிக்கல, நான் பயந்து ஓடி வந்த எடத்துல அவ பாய் விரிச்சு உக்காந்துட்டா. நேத்து கடுதாசிய மடிச்சு பைபிளுக்குள்ள வச்சுக்கிட்டே சொன்னா: ‘நீ வாயத் தொறக்கக் கூடாது. ஏற்கெனவே அப்பா ஒன்னோட பேசல, ஊரு வேற சேந்துக்கிடும். எனக்கு வாக்குக் குடு.’ குடுத்தேன். நெறைய பேருக்கு நெறைய வாக்குக் குடுத்தவன் நான், ஒண்ணையும் காப்பாத்துனதில்ல, இத மட்டும் காப்பாத்திருவேனோன்னு இப்பப் பயமா இருக்கு.

மூணாவது குறிப்பு எப்ப வந்துச்சு, எப்பப் போச்சு? எல்லாரும் எந்திக்காவ. பாட்டு. நாலு சரணம் உள்ள பாட்டுன்னா நல்லாருக்கும், ஐயரு ரெண்டுதான் பாடச் சொன்னாரு. உக்காந்தாச்சு. அறிவிப்பு. பொன்னுத்துரை அண்ணாச்சி கண்ணாடியப் போடுதாரு. புதன் கிழமை பெண்கள் ஐக்கியம். அடுத்த மாசம் அசன விருந்துக்கு அரிசி குடுக்கவிய பேரு குடுக்கணும். வாசல்ல செருப்ப மாத்திப் போட்டுட்டுப் போனவர் திருப்பிக் கொண்டு வரணும். வேற ஏதாவது இருக்காதா, ஒரு கல்யாணம், ஒரு சாவு? ‘கடைசியாக, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை செல்வி எப்சிபா.’ எந்திக்கா. நீலக் கரை வச்ச வெள்ளச் சேலை, முக்காடு. புள்ளைக பாயில முன்னாடி உக்காந்திருக்குக, அதுகளுக்கு நடுவுல பாத்துப் பாத்துக் கால வச்சுப் போறா. ஷைனி அவ சேலைய ஒரு நிமிஷம் புடிச்சு விட்டா. நின்னா. கடுதாசியப் பிரிச்சா. ‘சபையாருக்கு என் வணக்கம். ஓய்வுநாள் பள்ளிப் புள்ளைகளுக்கு…’ கொரல் நடுங்கல. நடுங்கியிருந்தா நான் உக்காந்தே இருந்திருப்பேனோ என்னவோ. ‘…பிழையாப் போதிச்ச’ வரைக்கும் வந்து நின்னுட்டா. தாளப் பாக்கா. பொய்யின்னா அவ வாய் தொறக்காதுல்ல, பிழைங்குத வார்த்தை அவளுக்குப் பொய்யி, அது வெளிய வரல. சனம் காத்திருக்கு. என் முட்டி ஆட்டம் நின்னு போச்சு, நான் எந்திச்சு நிக்கேன். ‘அது அக்கா இல்ல. நான்தான் சொல்லிக் குடுத்தேன்.’

சிரிச்சிட்டாவ. நெசமா, கோயிலே சிரிக்கி. ஆம்பளைக பக்கம் குபீர்னு, பொம்பளைக முக்காட்டுக்குள்ள. ‘வந்துட்டான்யா’ங்கான் ஒருத்தன். பத்தொம்பது வருஷமா நான் விதச்சது, முழுசா வெளஞ்சு நிக்கி. பொன்னுத்துரை அண்ணாச்சி, ‘லே, உக்காருலே, கோயில்ல என்ன வெளாட்டு’ங்காரு, அவரு ஒதடும் ஓரத்துல கோணுது. எனக்கு நாலு சோக்கு தொண்டைக்கு வந்துச்சு, நாலையும் முழுங்குனேன். ‘வெளாட்டு இல்ல அண்ணாச்சி. அக்காவுக்கு அன்னைக்குக் காய்ச்சல். நான்தான் வகுப்பு எடுத்தேன். ஆதியிலேன்னு எழுதணும்னு சொல்லாம விட்டது என் தப்பு, கேடயம் போனது என்னாலதான். மிச்சம் சொன்னது தப்புன்னு எனக்குத் தோணல.’ சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சா அணையுது. ‘ஆமா! ஆசீர் அண்ணேந்தான்! கல்லு காட்டுனாவ!’ன்னு பாயிலேருந்து ஷைனி. அக்கா என்னப் பாக்கா, வாக்க மீறுனவனப் பாக்க பார்வை, ஆனா கண்ணு ரெண்டும் நெறஞ்சு கெடக்கு. நான் தூண விட்டு வெளிய வந்து நடக்கேன், நடுவழில, கடப்பாக் கல்லு மேல, வெறுங்காலோட. எங்க போறேன்னு எனக்கே தெரியல, மொத பெஞ்சுட்ட வந்து நின்னுட்டேன். பையில கைய விட்டு அந்தக் கல்ல எடுத்து அப்பா முன்னால நீட்டுனேன். வாங்குவாரா? ஐயரு தொண்டையச் செருமுனாரு, இந்தத் தடவை எல்லாருக்கும் கேக்குத மாதிரி சொன்னாரு, ‘எப்சிபா, அந்தத் தாள எங்கிட்ட குடுத்துரும்மா. புள்ளைகளக் கூட்டிட்டுப் போ, வகுப்புக்கு நேரமாயிட்டு’. அண்ணாச்சி ‘ஐயரே, கமிட்டி’ன்னு ஆரம்பிச்சாரு. ‘கமிட்டி காத்திருக்கட்டும் அண்ணாச்சி, ரெண்டாவது குறிப்பே அதுதான’ன்னுட்டாரு ஐயரு. புள்ளைக பொலபொலன்னு எந்திச்சு அக்கா பின்னாடி ஓடுதுக, தரையெல்லாம் குட்டிக் காலு. அப்பா கைய நீட்டி வாங்கிட்டாரு. கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, கல்லக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போயி, கட்டவிரல் நகத்த ஒரு வரியில வச்சாரு. அடுத்த வரி. அடுத்தது. ஒதடு அசையுது, சத்தமில்லாம எண்ணுதாரு, செவுத்துல ஆதாம்லேருந்து எண்ணுனாருல்ல, அதே மாதிரி. சுருளு உள்ள போகப் போக வரி பொடிசாவுது, நகம் ரெண்டு வரிய சேத்து மூடுது. நிறுத்துனாரு. ‘நடுவுல எண்ண முடியலலே’ன்னாரு. ஒம்பது மாசத்துக்கு அப்புறம். ‘ஆமாப்பா’ன்னேன். கொஞ்சம் தள்ளி உக்காந்தாரு, பெஞ்சுல ஒரு ஆளு உக்காருத அளவுக்கு. கல்லத் திருப்பி, வெளி ஓரத்துலேருந்து, மறுபடியும் ஒண்ணுன்னு ஆரம்பிச்சாரு.